நேட்டோவின் 6-வது பிரிவும் எங்கள் கடற்கரையும்

அமெரிக்கா, கனடா, ஐரோப்பிய நாடுகளின் ராணுவக் கூட்டணியான நேட்டோ ஆசியப் பக்கம் வரலாமா கூடாதா என்ற பேச்சு வந்தாலே நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். சீனாவைத் தட்டிக்கேட்க ஆள் வேண்டாமா என்று ஒரு கட்சி, ஏகாதிபத்தியம் ஒழிக என்று எதிர்க்கட்சி. இரண்டு பேருமே நேட்டோவை உண்டாக்கிய ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்த மாதிரி தெரியவில்லை. மொத்தமே 14 பிரிவுதான், படித்துவிடலாம்.

ஒரு நாட்டின் மீது விழும் அடி எல்லோர் மீதும் விழுந்த அடி என்கிற 5-வது பிரிவை எல்லோரும் சொல்வார்கள். எங்கே அடி விழுந்தால் அது கணக்கில் சேரும் என்று சொல்வது அடுத்த பிரிவு. ஐரோப்பா, வட அமெரிக்கா, கடக ரேகைக்கு வடக்கே இருக்கும் வட அட்லாண்டிக் தீவுகள், அப்புறம் பிரான்ஸ் பிடிவாதம் பிடித்து நுழைத்த அல்ஜீரியா. நிலத்தைப் பொறுத்தவரை தொடக்கத்தில் அவ்வளவுதான் எல்லை, துருக்கி பின்னால் சேர்ந்தது.

1949 ஏப்ரல் 4-ம் தேதி அதில் கையெழுத்து விழுந்தபோது புதுச்சேரி பிரான்ஸிடம் இருந்தது. கடலூரிலிருந்து வடக்கே இருபது சொச்சம் கிலோமீட்டர் போனால் நேட்டோவைத் தொடங்கிய நாடுகளில் ஒன்று ஆண்ட மண். ஆனாலும் புதுச்சேரியை 6-வது பிரிவு சீந்தவில்லை. கோவாவையும்தான். 1961-ல் நம் ராணுவம் கோவாவுக்குள் போனபோது போர்ச்சுகலும் நேட்டோ உறுப்பு நாடு, கூட்டணி அசையவில்லை. 1982-ல் பிரிட்டனின் ஃபாக்லாந்து தீவுகளை அர்ஜென்டினா பிடித்தபோதும் நேட்டோவாக யாரும் படை அனுப்பவில்லை. இதில் தர்ம நியாயம் ஒன்றும் கிடையாது. ஐரோப்பியர்களின் காலனிகளுக்குக் காவல் இருக்க அமெரிக்காவுக்கு விருப்பமில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சுயநலக் கோடு நமக்கு நல்லதாகவே அமைந்தது.

புதுச்சேரியில் எங்கள் உறவில் ஒரு பெரியவர் சொல்தாவாக இருந்தவர், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர். அல்ஜீரியாவில் வேலை பார்த்தவர். பிரான்ஸின் தேசிய நாளான ஜூலை 14 வந்தால் கோட்டில் மெடல்களைக் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலையில் இருக்கும் போர் நினைவுச் சின்னத்துக்குப் புறப்பட்டுவிடுவார். முந்தின நாளே அத்தை அந்த மெடல்களைப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருப்பார். அல்ஜீரியாவில் யாருக்காகச் சண்டை போட்டீர்கள் மாமா என்று கேட்டால், பென்ஷன் ஒழுங்காக வருதுப்பா என்பார். அவர் காவல் காத்த ஊர் நேட்டோவின் எல்லைக்குள், பிறந்த ஊர் வெளியே. 1962-ல் அல்ஜீரியாவும் விடுதலையாகி அந்த வரியே செல்லாமல் போய்விட்டது.

இப்படி ஒரு கோடு இல்லாமல் ஐரோப்பாவின் கூட்டணிச் சண்டைகள் ஊர் சுற்றினால் என்ன ஆகும் என்று கடலூர்க்காரனுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. 1690-ல் ஆங்கிலேயக் கம்பெனி மராத்தியரிடம் கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவு தூரமும் கம்பெனிக்கு என்றுதான் பேச்சு. நாலா பக்கமும் சுட்டு எல்லை போட்டார்கள். கடலூர் பக்கத்துக் குண்டு உப்பலவாடி ஊர்க்காரர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். பிறகு ஆஸ்திரிய அரியணை யாருக்கு என்று ஐரோப்பாவில் மூண்ட சண்டைக்காக புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் டூப்ளே இங்கே படை அனுப்பிக் கோட்டையைத் தாக்கினார். பதிலுக்கு 1748-ல் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி பாஸ்கவென் புதுச்சேரியை முற்றுகையிட்டார். 1783 இன்னும் கொடுமை. பிரிட்டனும் பிரான்ஸும் ஜனவரி 20-ம் தேதியே சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்டாயிற்று. சேதி கப்பலில் வந்து சேரவில்லை. ஜூன் மாதம் கடலூரில் தரையிலும் கடலிலும் அடித்துக்கொண்டார்கள். முடிந்துபோன சண்டையில் இரண்டு பக்கமும் நம்மூர்ச் சிப்பாய்கள் செத்தார்கள்.

பனிப்போர் முடிந்ததும் நேட்டோவுக்கு வேலை இல்லாமல் போனது. எல்லைக்கு வெளியே போங்கள், இல்லாவிட்டால் கடையைக் கட்டுங்கள் என்ற பொருளில் அமெரிக்க செனட்டர் ரிச்சர்ட் லூகர் 1993-ல் பேசினார். போனார்கள். 1999-ல் ஐ.நா. பாதுகாப்பு சபையின் அனுமதி இல்லாமலே யூகோஸ்லாவியா மீது 78 நாள் குண்டு வீசினார்கள். ஆப்கானிஸ்தான் எப்படி முடிந்தது என்று 2021 ஆகஸ்டில் டிவியில் பார்த்தோம்.

என்னைக் கேட்டால் இதில் மோசமானது லிபியா. 2011 மார்ச்சில் பாதுகாப்பு சபை நிறைவேற்றிய 1973-ம் எண் தீர்மானம் பொதுமக்களைக் காப்பாற்றத்தான் அனுமதி தந்தது. இந்தியா ஓட்டுப் போடாமல் ஒதுங்கியது. நேட்டோ உறுப்பு நாடான ஜெர்மனியே ஒதுங்கியது. காப்பாற்றப் போனவர்கள் லிபியாவை ஆண்ட கடாஃபி சாகும் வரை ஓயவில்லை. அக்டோபர் 31-ம் தேதி வேலை முடிந்தது என்று மூட்டை கட்டிவிட்டார்கள். அந்த நாடு இரண்டு அரசாங்கமாகப் பிளந்தது, கடாஃபியின் கிடங்குகளில் இருந்த ஆயுதம் பாலைவனம் தாண்டி மாலி வரை போனது. இதற்குக் கூட்டணியில் பதில் சொல்ல வேண்டியவர் யார்? எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு என்றால் யாரும் பொறுப்பில்லை என்று அர்த்தமாகிவிடுகிறது.

நேட்டோ வெளியே வந்து செய்ததெல்லாம் தப்பு என்று சொல்ல மாட்டேன். சோமாலியக் கொள்ளையர்களுக்கு எதிராக 2009 முதல் 2016 வரை ரோந்து வந்தது உருப்படியான வேலை. இந்தியக் கடற்படையும் அதே கடலில் தனியாகக் காவல் காத்தது. கப்பல் வேலைக்குப் போன பிள்ளை ஏடன் வளைகுடாவைத் தாண்டும் வரை சோறு இறங்காமல் இருந்த தாய்மார்களை இந்தப் பக்கம் நிறையப் பார்த்திருக்கிறேன். வந்தார்கள், திருடனை விரட்டினார்கள், போனார்கள். யார் நாட்டை யார் ஆள்வது என்ற வம்புக்குப் போகவில்லை. ஃபின்லாந்தும் ஸ்வீடனும் ரஷ்யாவுக்குப் பயந்து தாங்களாகக் கேட்டுச் சேர்ந்ததையும் குறை சொல்ல முடியாது. அது அவர்கள் வாசல்.

இப்போது பிரச்சினை வேறு. 2022 மாட்ரிட் மாநாட்டுக்கு ஜப்பான், தென் கொரியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து தலைவர்களை அழைத்தார்கள். சீனாவைச் சவால் என்று நேட்டோவின் கொள்கை ஆவணத்தில் முதல்முறையாக எழுதினார்கள். அடுத்த ஆண்டு டோக்கியோவில் அலுவலகம் திறக்கும் பேச்சு வந்தபோது மறித்தது வேறு யாருமில்லை, பிரான்ஸ்தான். பிரான்ஸ் அதிபர் மக்ரோன் மீது எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் அவர் மறித்தது சரி.

நேட்டோ பாணி ஏற்பாடு நமக்குப் பொருந்தாது என்று 2023-ல் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் சொன்னதும் சரி. அவர் அரசின் மற்ற பல விஷயங்களில் எனக்கு உடன்பாடில்லை, அதற்காக இதை மறுக்க முடியாது. சீனா எல்லையில் உரசுவது உண்மை, கப்பல்களை இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்புவதும் உண்மை. அதற்கு ஆள் சேர்க்க வேண்டுமென்றால் தனித்தனியாகச் சேர்க்கலாம். பிரான்ஸுக்கு அந்தக் கடலில் ரீயூனியன் தீவு இருக்கிறது, நம் ஜனங்கள் கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகப் போன அதே தீவு. அதுவும் 6-வது பிரிவுக்கு வெளியேதான். பிரெஞ்சுக் கடற்படை நம்மோடு வருணா பயிற்சி செய்கிறது, பிடிக்காவிட்டால் அடுத்த ஆண்டு வேண்டாம் என்று டெல்லி சொல்லிவிடலாம். 32 நாடு சேர்ந்து வரும் கூட்டணியிடம் அப்படிச் சொல்ல முடியுமா என்பதுதான் என் கேள்வி.