தேங்கிப்போன மேடம் பேசுறேன்

ஞாயித்துக்கிழம மேடையில நடந்தத இங்க இருக்குற முக்கால்வாசி பேரு பாத்தாச்சு, வீடியோவும் எல்லா குரூப்லயும் சுத்திடுச்சு, அதனால முதல்லேர்ந்து கதை சொல்லப்போறதில்ல. தெரியாதவங்களுக்கு, நான் ஒரு காலேஜ்ல பொண்ணுங்க வாலிபால் டீமோட கோச்சு. நேத்து வரைக்கும் பேசாமதான் இருந்தேன். இன்னிக்கு காலைல ஒரு ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு நெட்டு கட்டிக்கிட்டே, "மேம், அடுத்த வருஷம் நீங்க இருப்பீங்கள்ல?"ன்னு கேட்டுச்சு. அப்பதான் சுருக்குன்னுச்சு.

மேடையில பேசுன அய்யா என்னைய பாராட்டத்தான் சொன்னாரு, தெரியுது. இவ்ளோ திறமை இருக்குறவங்க 17 வருஷமா இங்கயே தேங்கிடக்கூடாதாம், காலேஜ் கோச் வேலைங்கறது ஒரு படிக்கட்டாம், மேடம் இன்னும் மேல போகணுமாம். எல்லாரும் கை தட்டுனாங்க. நானும் சால்வையோட நின்னு சிரிச்சேன். வேற என்ன பண்றது, மைக்கு அவர் கையில இருந்துச்சு.

படிக்கட்டுன்னா கால வெச்சு ஏறிட்டுப் போறது. நீங்க கால வெக்கிறது எது மேலன்னு ஒருதடவ குனிஞ்சு பாருங்கன்னுதான் சொல்றேன். 12 பொண்ணுங்க மேல.

காலேஜ் டீமோட கணக்கு வெளில இருக்குறவங்களுக்கு தெரியாது. டிகிரி 3 வருஷம். எங்கிட்ட வர்ற பொண்ணுங்கள்ல பாதிக்கு மேல பந்தையே ஒழுங்கா தொட்டதில்ல, ஸ்கூல்ல பி.டி. பீரியடுல மேக்ஸ் எடுத்திருப்பாங்க. பொண்ணுங்க நெட்டு உயரம் 2 மீட்டர் 24 சென்டிமீட்டர். அஞ்சடி பொண்ணு அதுக்கு கீழ நின்னு அண்ணாந்து பாக்கும், கைய முழுசா தூக்கினாலும் மேல் பட்டைய தொட முடியாது. முதல் வருஷம் பூரா பந்த கீழேர்ந்து எடுக்கற அண்டர்ஹேண்ட், காலு எங்க வெக்கிறது, பயப்படாம பந்துக்கு அடியில போறது, அவ்ளோதான். ரெண்டாவது வருஷம் விளையாட ஆரம்பிக்கும். மூணாவது வருஷம் ஜெயிக்க ஆரம்பிக்கும், அப்போ பார்த்து ஃபேர்வெல் வந்துடும். நான் திரும்ப அண்டர்ஹேண்ட்லேர்ந்து ஆரம்பிக்கணும். ரெண்டு வருஷத்துல மேல போகணும்னு வர்ற கோச்சு ஒரு செட்டு பிள்ளைங்களகூட முழுசா பாக்க மாட்டாங்க, நட்டவங்க ஒருத்தர் அறுக்கறவங்க ஒருத்தர்னுதான் இருக்கும்.

மேலன்னு சொல்றாங்களே, அந்த ஸ்போர்ட்ஸ் அகாடமி கோச் வேலைய கொறைச்சு பேசல. அங்க உயரம் பாத்து, குதிக்கறத அளந்து பாத்து எடுப்பாங்க. ஏற்கனவே முளைச்சத வளக்கறது அது. அதுக்கும் திறமை வேணும், சரி. ஆனா முளைக்காதுன்னு எல்லாரும் விட்டத வெச்சிக்கிட்டு இருக்குறவங்க ஏன் கீழ, அவங்க ஏன் மேல? இத யாராவது சொல்லுங்க, நான் போஸ்ட்ட டெலிட் பண்ணிடறேன்.

சில வருஷம் முன்னாடி ஒரு பொண்ணு வந்துச்சு, பேரு வேணாம். அப்பா லோடுமேன். துப்பட்டாவ ரெண்டு பக்கமும் பின்னு குத்தி இறுக்கிட்டு சர்வீஸ் போடும், கை தோளுக்கு மேல வராது. ஒருநாள் என்னோட பழைய டி-ஷர்ட்ட குடுத்து லேப் பின் சுவத்துல பந்தடிக்க விட்டேன். மூணு வாரம் அதேதான். டொம்மு டொம்முன்னு சத்தம் வருதுன்னு கெமிஸ்ட்ரி மேடம் பிரின்சிபால்கிட்ட போயி சொல்லிட்டாங்க (அவங்க இத படிப்பாங்க, வணக்கம் மேடம்). கடைசி வருஷம் யுனிவர்சிட்டி டீமுக்கு விளையாடுச்சு. யுனிவர்சிட்டிக்கு விளையாடுனதுக்கு குடுக்கற ஃபார்ம் 3 சர்டிஃபிகேட் வாங்கி, இப்போ ஸ்போர்ட்ஸ் கோட்டால போலீஸ்ல இருக்கு. முதல் சம்பளத்துல எனக்கு ஒரு பந்து வாங்கி அனுப்புச்சு. நல்ல பந்து, மிகாசா. அதுக்கு காத்தடிக்கற ஊசியத்தான் போன வாரம் எவளோ எடுத்துட்டுப் போயிருக்கா, அது வேற விஷயம்.

இப்போ என் அண்ணன் பையன். டல்லாஸ்ல இருக்கான், "அத்தை, இங்கயும் அப்டித்தான், பிராட் ஸ்டீவன்ஸ்னு ஒரு பாஸ்கெட்பால் கோச் பட்லர்ங்கற சின்ன காலேஜ 2010, 2011 ரெண்டு வருஷமும் தேசிய ஃபைனலுக்கு கொண்டு போனாரு, 2013ல பாஸ்டன் செல்டிக்ஸ்ங்கற புரொஃபஷனல் டீமுக்கு போயிட்டாரு, நல்லாத்தான் இருக்காரு"ன்னு வீடியோவ பாத்துட்டு குரூப்ல போட்டிருக்கான். இருக்கட்டும்டா கண்ணு. உங்க ஊருலயே பாட் சம்மிட்னு ஒரு அம்மா இருந்தாங்க, தெரியுமா? 1974ல டென்னசி யுனிவர்சிட்டில பொண்ணுங்க பாஸ்கெட்பால் டீமுக்கு கோச்சா சேர்றப்போ வயசு 22. மாசம் 250 டாலர். வேன அவங்களே ஓட்டணும், பிள்ளைங்க ஜெர்சிய அவங்களே துவைக்கணும். 2012 வரைக்கும் 38 சீசன், அதே யுனிவர்சிட்டி, 1098 வெற்றி, 8 தேசிய சாம்பியன்ஷிப். நடுவுல ஆம்பள டீமுக்கு கோச்சா வாங்கன்னு கூப்பிட்டதுக்கு, அது எப்படி மேல போறதாகும்னு திருப்பிக் கேட்டாங்களாம். அந்தம்மா தேங்கிட்டாங்களா?

நம்ம பக்கத்துலயே, கேரளாவுல, ஓட்டப்பந்தய கோச் ஓ.எம். நம்பியார் சார். ஏர்ஃபோர்ஸ்லேர்ந்து வந்து கண்ணூர் ஸ்போர்ட்ஸ் ஸ்கூல் பிள்ளைங்களுக்கு கத்துக்குடுத்தவரு, பி.டி. உஷாவ உருவாக்குனவரு. கோச்சுங்களுக்கு குடுக்கற துரோணாச்சார்யா விருது 1985ல ஆரம்பிச்சப்பவே குடுத்துட்டாங்க. பத்மஸ்ரீ 2021ல. அதே வருஷம் ஆகஸ்ட்ல போய் சேர்ந்துட்டாரு. இத ஏன் சொல்றேன்னா... தெரியல, சொல்லணும்போல இருந்துச்சு.

சம்பளம் பத்தாம போறவங்கள குத்தம் சொல்றியான்னு வருவீங்க. சொல்லல. கன்சாலிடேட்டட்ல, அதான் தொகுப்பூதியத்துல, நானே 9 வருஷம் இருந்தேன். அத விடுங்க. நான் சொல்றது போற விதத்த. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு காலேஜ்ல ஜோனல் மேட்சுக்கு 10 நாள் இருக்கப்போ கோச்சு கெளம்பிட்டாரு, நல்ல எடம் கிடைச்சுடுச்சு. ராத்திரி 11 மணிக்கு அந்த டீம் கேப்டன் பையன் எனக்கு போன் பண்றான், "மேம், லைன்-அப் ஷீட்டுல கோச் கையெழுத்து போடற எடத்துல யாரு போடறது?"ன்னு. நானும் பி.டி. சார் போடட்டும்ப்பான்னு சொல்லிட்டு வெச்சுட்டேன். அன்னிக்கு தூக்கம் வரல. படிக்கட்டுல ஏறிப் போனவரு நல்லா தூங்கியிருப்பாரு.

"உனக்கு வேற எடம் கிடைக்கல, அதான் இந்த பேச்சு." இன்னும் யாரும் கமெண்ட் போடல, ஆனா போடுவீங்க, எனக்கு தெரியும். சரி, கேட்டுக்கங்க. 2016ல பெங்களூருலேர்ந்து கூப்புட்டாங்க, போகல. உடனே தியாகம்னு ஹார்ட்டு விடாதீங்க, மாமியாருக்கு அப்போ டயாலிசிஸ் ஓடிட்டிருந்துச்சு, எனக்கு ஹிந்தியும் வராது, கொஞ்சம் பயமும்தான். அதுக்கு முன்னாடி ஒரு சென்ட்ரல் கவர்ன்மெண்ட் கோச் போஸ்ட்டுக்கு எழுதிப்போட்டேன், வரல. சொல்லிட்டேன், சந்தோஷமா? வேற வழியில்லாம இருந்தவதான் முதல்ல. அப்புறம் எப்போ புடிச்சுப்போய் இருக்க ஆரம்பிச்சேன்னு எனக்கே தெரியல. கல்யாணம் பண்ணவங்களுக்கு இது புரியும்.

எங்கம்மா இன்னும் பக்கத்து வீட்டுல கேட்டா "காலேஜ்ல வேல"ன்னு மட்டும்தான் சொல்லும். லெக்சரர்னு அவங்களா நெனச்சுக்கட்டும்னு விட்டுடும். பாட்டியாலா போயி கோச்சுங்களுக்கான என்.ஐ.எஸ். டிப்ளமா முடிச்சிட்டு, அந்த குளிர்ல கால் விரல் வெடிச்சு ரத்தம் வர ஓடிட்டு வந்தவ நானு. ஊருக்குள்ள இன்னும் "பந்து பொறுக்கிப் போடற டீச்சரு."

அப்புறம் இந்த மேடை போடறவங்களுக்கு ஒண்ணு. இத படிக்கட்டா ஆக்குனதே நீங்கதானே? வர்றவங்களுக்கு பி.எஃப். கிடையாது, மேட்சுக்கு கூட்டிட்டுப் போனா பஸ்ஸு காசு ஆறு மாசம் கழிச்சு, மேட்சுக்கு போன நாளுக்கு பிள்ளைங்களுக்கு ஓ.டி. (ஆன் டூட்டி) அட்டெண்டன்ஸ் வாங்க ஒவ்வொரு டிபார்ட்மெண்ட் வாசல்லயும் நிக்கணும். கப்பு வந்தா மட்டும் ஃபோட்டோல முன் வரிசைல வந்து உக்காருவீங்க, கோச்சு ஓரத்துல, பாதி தோளு வெட்டுப்பட்டு. இப்டி வெச்சிக்கிட்டு மைக்க புடிச்சு "மேல போங்க"ன்னு சொல்றது, வாடகைக்கு இருக்குறவங்கள காலி பண்ண சொல்றாப்புல இருக்கு.

தேங்கிடுச்சுன்னு சொல்றீங்களே, எங்க ஊரு ஏரியும் தேங்குன தண்ணிதான். அதுலதான் ரெண்டு போகம் வெளஞ்சுது. சரி, ரொம்ப பேசுறேன், எங்க வீட்டுக்காரரு எட்டிப் பாத்து "பேர போட்டுடாத"ன்னு சொல்லிட்டுப் போறாரு. போடல.

அந்த பொண்ணுக்கு காலைல பதில் சொல்லல, "பட்டைய இறுக்கிக் கட்டுடி, தொங்குது பாரு"ன்னு மட்டும் சொன்னேன். இத படிப்பா, இன்ஸ்டாலதான் இருப்பா ஆனா எவளாவது ஸ்க்ரீன்ஷாட் அனுப்புவா. இருப்பேன்டி. நாளைக்கு 5:45க்கு கிரவுண்டு. காத்தடிக்கற ஊசி எவகிட்ட இருக்கோ, கேக்க மாட்டேன், திட்ட மாட்டேன், ஸ்போர்ட்ஸ் ரூம் ஜன்னல்ல வெச்சுட்டு போயிடுங்க.