ஒரே ஒரு பேர் சொல்லுங்கய்யா!

விண்டோஸுக்குப் பதிலாப் போடற லினக்ஸ்ல எந்த டெஸ்க்டாப் போடறது, அதாவது பட்டை, மெனு, விண்டோவெல்லாம் காட்டுற முகப்பு எது நல்லதுன்னு கேட்டேன். மறுபடியும் அதே பதில்தான். "அது உங்க இஷ்டம் ப்ரோ. ஒவ்வொண்ணா போட்டுப் பாருங்க, பிடிச்சதை வச்சுக்கோங்க."

என் இஷ்டம் என்னன்னு எனக்கே தெரிஞ்சிருந்தா உங்ககிட்ட எதுக்குய்யா வந்து கேக்கறேன்? லினக்ஸுக்கு வா வான்னு கூப்பிட்டது நீங்க. 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10 சப்போர்ட் முடிஞ்சுது, 11-க்குப் போகணும்னா டிபிஎம் 2.0-ங்கற பாதுகாப்பு சிப் வேணும், நல்லா ஓடுற மெஷினை எதுக்குத் தூக்கிப் போடணும்னு பக்கம் பக்கமாப் பேசினதும் நீங்க. நம்பி வந்தாச்சு. வந்தவன் கையில க்னோம், கேடிஇ, சின்னமன், மாத்தே, எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்க்யூடி, பட்ஜி, காஸ்மிக்னு ஒரு பட்டியலைத் திணிச்சுட்டு "உங்க இஷ்டம்"னா அதுக்குப் பேர் உதவி இல்ல. கை கழுவுறது.

நேத்து நடந்ததைக் கேளுங்க. பல வருஷமா லினக்ஸ்லயே இருக்கற ஒருத்தர்கிட்ட கேட்டேன். "உங்க ஒர்க்ஃப்ளோ என்ன?"ன்னார். பிரவுசர் திறப்பேன், லெட்டர் அடிப்பேன், படம் பார்ப்பேன்னேன். "விண்டோவெல்லாம் தானா அடுக்கிக்கணுமா, நீங்களே நகர்த்துவீங்களா?" நகர்த்துவேன். "வேலண்டா, எக்ஸ்11-ஆ?" அது என்னன்னு தெரியாதுங்க. திரையில விண்டோவை வரைஞ்சு காட்டுற பழைய முறை எக்ஸ்11, புது முறை வேலண்டாம்; தெரியாதுன்னு சொன்ன ஆளுக்கு அது ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு அரை மணி நேரம் வகுப்பு. நான் கேட்ட கேள்வி அப்படியே நடுவுல தொங்குது. கடைசில க்னோம் போடுங்கன்னார். அப்பாடான்னு போட்டேன்.

போட்டா, விண்டோ மேல மூடுற பட்டன் மட்டும்தான் இருக்கு. கீழ இறக்கி வைக்கற பட்டன் எங்க? க்னோம் தன் சொந்த அமைப்புல அதை வைக்கறதே இல்ல. அவர்கிட்டயே திரும்பக் கேட்டேன். "அது உங்களுக்குத் தேவைப்படாது ப்ரோ, ஒர்க்ஸ்பேஸ் பழகுங்க, விண்டோக்களைத் தனித்தனித் திரையாப் பிரிச்சு வச்சுக்கலாம்." எனக்குத் தேவைப்படுது! அதனாலதானே தேடுறேன்! வேணும்னா சூப்பர் கீயோட, அதான் விண்டோஸ் கீயோட, ஹெச் அழுத்தணுமாம். இல்ல, ட்வீக்ஸ்னு தனியா ஒரு மென்பொருளை இறக்கி, அதுக்குள்ள போய் அந்தப் பட்டனை ஆன் பண்ணணுமாம். டெஸ்க்டாப்ல ஒரு ஃபைலை வைக்கணுமா? எக்ஸ்டென்ஷன்னு ஒரு குட்டி ஒட்டு மென்பொருள் போடு. மூலையில சின்ன ஐகான் தெரியணுமா? அதுக்கும் எக்ஸ்டென்ஷன். ஆறு மாசத்துக்கு ஒரு புது பதிப்பு வரும், அதுக்கு ஏத்த மாதிரி எழுதினவர் திருத்தலேன்னா அந்த எக்ஸ்டென்ஷன் வேலை செய்யாம நின்னுடும். அடிப்படை வசதியை யாரோ ஒரு தன்னார்வலர் ஓய்வு நேரத்துல காப்பாத்திக் கொடுக்கணும்னு விட்டு வச்சிருக்கறது என்ன நியாயம்?

இன்னொருத்தர் வந்தார். "அதான் கேடிஇ போடச் சொன்னேன்"னார். எப்பங்க சொன்னீங்க? சரி, ஏற்கெனவே இருக்கறதுக்கு மேலயே போட்டுக்கலாம், ஒண்ணும் ஆகாதுன்னார். ஆச்சு. ஃபைல் மேனேஜர் ரெண்டு, டெக்ஸ்ட் எடிட்டர் ரெண்டு, செட்டிங்ஸ் ரெண்டு. வைஃபைல இணையப் போனா பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கற கேவாலட்னு ஒரு பெட்டி எழுந்து வந்து பாஸ்வேர்டு கேக்குது. எந்த பாஸ்வேர்டு? லாகினுக்கா, வைஃபைக்கா, இதுக்குன்னே புதுசா ஒண்ணா? அந்தப் பெட்டியில அதுக்குப் பதிலே இல்ல. இதை முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? பிடிச்சதை வச்சுக்கோன்னு சொல்றவங்க, பிடிக்காததைச் சுத்தமா எப்படிக் கழட்டுறதுன்னு மட்டும் சொல்றதே இல்ல.

இந்த ரெண்டு கோஷ்டியும் அடிச்சுக்கறதைப் பார்த்தா பரம்பரை வயக்காட்டு வழக்கு மாதிரி இருக்கு. 1996-ல மத்தியாஸ் எட்ரிச் கேடிஇ-யை ஆரம்பிச்சார். அது நம்பியிருந்த க்யூடிங்கற நிரல் தொகுப்பு அப்போ முழுச் சுதந்திர மென்பொருள் இல்லேன்னு 1997-ல க்னோம் கிளம்புச்சு. நியாயமான காரணம், மதிக்கறேன். ஆனா 2000-லயே க்யூடி, யாரும் எடுத்துத் திருத்தலாம்ங்கற ஜிபிஎல் உரிமத்துல வந்துடுச்சே! காரணம் போயாச்சு, சண்டை மட்டும் அப்படியே இருக்கு. 2011-ல க்னோம் 3 வந்ததும் பழசு பிடிச்சவங்க பிரிஞ்சு போய் மாத்தே, அப்புறம் சின்னமன். பிரிஞ்சு போங்க, அது உங்க உரிமை. புதுசா வர்றவன் தலையில ஏன் அந்தச் சண்டையைக் கட்டுறீங்க?

"லினக்ஸ் வகைகள்ல லினக்ஸ் மின்ட்டை எடு, சின்னமன் போடு, கீழ பட்டை இருக்கும், இடது மூலையில மெனு இருக்கும், மூணு பட்டனும் இருக்கும், ஆறு மாசம் ஓட்டிட்டு வா, அப்புறம் மத்ததைப் பேசலாம்." இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பிடிக்காமப் போனா எங்க பேர் கெட்டுடும்னு பயந்துதான் எல்லாரும் "இஷ்டம்" பின்னாடி ஒளியறாங்க.

இன்னொண்ணு. இவ்வளவு பேசினவங்கள்ல ஒருத்தராவது "நீங்க தமிழ்ல டைப் பண்ணுவீங்களா?"ன்னு கேட்டாங்களா? கேக்கல. க்னோம்ல ஐபஸ்னு மத்த மொழில டைப் பண்ற கருவி கூடவே வருது, செட்டிங்ஸ்ல கீபோர்டு பக்கத்துல தமிழ்99-ஐச் சேர்த்தா முடிஞ்சுது (சில லினக்ஸ் வகைகள்ல முதல்ல ஐபஸ்-எம்17என்னு ஒண்ணையும் போடணும்). கேடிஇ-ல வேலண்ட்ல ஓடும்போது ஃப்சிட்டிக்ஸ்5-னு அதே மாதிரி ஒரு கருவியைப் போட்டு, அதை "விர்ச்சுவல் கீபோர்டு"ங்கற பக்கத்துல போய்த் தேர்ந்தெடுக்கணும். தமிழ் அடிக்கறதுக்கான வழியை விர்ச்சுவல் கீபோர்டுக்குள்ள போய் எவன்யா தேடுவான்? திரையோட கலரை மாத்த நூறு வழி வச்சிருக்கீங்க, தாய்மொழியில ஒரு வரி அடிக்க ஒவ்வொரு டெஸ்க்டாப்லயும் ஒவ்வொரு மூலையில தேட வைக்கறீங்க. எந்த டெஸ்க்டாப்புன்னு கேக்கறவன்கிட்ட முதல்ல இதைக் கேளுங்கய்யா. வேலண்டைப் பத்தி அப்புறம் வகுப்பு எடுக்கலாம்.