புடாபெஸ்ட் சிங்கங்களுக்கு நாக்கு உண்டு

ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில், டான்யூப் நதியின் சங்கிலிப் பாலத்தில் இருக்கும் கற்சிங்கங்களுக்கு நாக்கு வைக்க மறந்த சிற்பி, ஊரார் கேலி தாங்காமல் ஆற்றில் குதித்து இறந்தார் என்றொரு செய்தி படத்தோடு சுற்றி வருகிறது. இது பொய்.

சிற்பி யானோஷ் மார்ஷல்கோ. சிங்கங்கள் அமர்ந்தது 1852-ல்; அவர் இறந்தது 1877-ல். இடையில் கால் நூற்றாண்டு. நாக்கும் இருக்கிறது. வாய் திறந்திருந்தாலும் அது கீழ்த்தாடைக்குள் படிந்து கிடக்கிறது. சிங்கங்கள் உயரமான பீடத்தில் இருப்பதால், கீழே நடந்து போகிறவருக்குப் பற்கள் மட்டுமே தெரியும். மேலிருந்து எடுத்த படங்களில் நாக்கைப் பார்க்கலாம்.

பாலத்தின் உண்மைக் கதையே நெஞ்சைத் தொடுவது. புடாவும் பெஸ்டும் அப்போது தனித்தனி ஊர்கள். நடுவே படகுகளைக் கோத்த மிதவைப் பாலம்தான். குளிர்காலத்தில் அதையும் கழற்றிவிடுவார்கள். 1820 டிசம்பரில் தந்தை இறந்த செய்தி கேட்டுப் புறப்பட்ட ஹங்கேரியப் பிரபு இஷ்ட்வான் செச்செனி, பனிக்கட்டிகள் மிதந்த ஆற்றைக் கடக்க முடியாமல் ஒரு வாரம் கரையில் காத்துக் கிடந்தார். நிரந்தரப் பாலம் வேண்டும் என்று பிறகு விடாமல் பாடுபட்டவர் அவர்தான். 1849-ல் பாலம் திறந்தது. 1873-ல் ஊர்கள் ஒன்றாயின. 1945 ஜனவரியில் பின்வாங்கிய ஜெர்மன் படை பாலத்தைத் தகர்த்தது. மீண்டும் கட்டி 1949 நவம்பர் 20-ல் திறந்தார்கள், முதல் திறப்பின் சரியான நூறாம் ஆண்டு நாளில்.

தன் வேலையைச் சரியாகச் செய்த கலைஞர் மீது தற்கொலைப் பழி வேண்டாம். அந்தப் பதிவு வந்தால் பகிராதீர்கள்.