டயாலிசிஸ்: இயந்திரத்தோடு பஸ் கணக்கும் பாருங்கள்

மாவட்டம்தோறும் டயாலிசிஸ் இயந்திரங்களை, அதாவது சிறுநீரகம் செயலிழந்தவர்களின் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரங்களை, கூட்டினால் ஏழை நாடுகளில் சிறுநீரக நோயாளிகள் பிழைத்துக்கொள்வார்கள் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பாதி சரி. அப்பாவை மூன்று வருடம் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனவன் என்கிற முறையில் மீதியைச் சொல்கிறேன்.

காப்பீட்டு அட்டை இருந்ததால் சிகிச்சைக்குக் காசு கட்ட வேண்டியதில்லை. ஆனால் வாரம் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் காலை ஷிஃப்ட். துணைக்குப் போகிற எனக்கு அன்றைய கூலி போச்சு. இதைப் பார்த்துவிட்டு கடைசி வருடம் அப்பா தானாகவே வாரம் இரண்டாகக் குறைத்துக்கொண்டார். அதனால் உடம்பில் நீர் தேங்கி, கால் வீங்கி செருப்பு நுழையாது. படுத்தால் மூச்சு வாங்கும் என்று சுவரில் சாய்ந்தபடியே தூங்குவார்.

அப்புறம் தண்ணீர். ஒருவருக்கு ஒரு தடவைக்குச் சுமார் 120 லிட்டர் சுத்திகரித்த நீர் வேண்டும். அந்த நீரைச் சுத்திகரிக்கிற ஆர்.ஓ. பிளான்ட் படுத்துவிட்டால் பத்து இயந்திரமும் வெறும் பெட்டிதான். அப்படி ஒருமுறை எல்லோரையும் திருப்பி அனுப்பினார்கள்.

இந்த அலைச்சல் இல்லாத வழியும் உண்டு. தாய்லாந்து 2008-இல் வயிற்று வழி டயாலிசிஸுக்கு, அதாவது வயிற்றுக்குள் குழாய் வழியாகத் திரவம் விட்டுக் கழிவை வெளியேற்றும் முறைக்கு, முதலிடம் கொடுத்தது. இரண்டு லிட்டர் திரவப் பையை நாளுக்கு நாலு முறை வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம். கிருமித் தொற்று பயம் உண்டுதான். 2022-இல் எந்த முறை வேண்டும் என்பதை நோயாளியே தேர்ந்தெடுக்கலாம் என்று மாற்றினார்கள். நம் தேசிய டயாலிசிஸ் திட்டத்திலும் 2019-இல் இந்த முறைக்கு வழிகாட்டுதல் வந்தது. எங்களிடம் யாரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சொல்லியிருந்தால் அம்மா கற்றுக்கொண்டிருப்பார். அப்பாவுக்கு இன்சுலின் ஊசியே அவர்தான் போட்டார்.