கொன்றவர்கள் யார் என்று சொல்லாத கல் எதற்கு?

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுச் சாலைகளில் காரில் போகிறவர்களுக்குப் பழகிய காட்சிதான். நாலு வீடு, ஒரு பப், மூடிக் கிடக்கும் பள்ளிக்கூடம். ஓரமாக ஒரு பாறாங்கல், அதில் பித்தளைத் தகடு. முதலில் ஆட்டுப்பட்டி போட்டவர் பெயர், தேவாலயம் கட்டிய ஆண்டு, போருக்குப் போய்த் திரும்பாத பையன்களின் பட்டியல். ஊரின் வரலாறு முதல் வேலியிலிருந்துதான் தொடங்கும். அதற்கு முன் அங்கே வாழ்ந்தவர்களைப் பற்றிப் பல கற்களில் ஒரு வரிகூட இருக்காது.

நியூ சவுத் வேல்ஸின் வடக்கே, பிங்காரா என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் இருக்கும் மயால் க்ரீக் அப்படியில்லை. 1838 ஜூன் 10, ஞாயிற்றுக்கிழமை. ஹென்றி டேங்கர் என்பவரின் மாட்டுப்பண்ணையில், பண்ணையாட்களோடு சுமுகமாகப் பழகித் தங்கியிருந்த விர்ராயராய் என்ற பழங்குடி மக்களைக் குதிரையில் வந்த ஒரு கும்பல் கயிற்றில் பிணைத்து இழுத்துப்போய் வெட்டிக் கொன்றது. குறைந்தது 28 பேர். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். பிறகு உடல்களை எரித்தார்கள்.

இந்த அளவுக்காவது நமக்குத் தெரியக் காரணம், வாயை மூடிக்கொள்ளாத இரண்டு வெள்ளையர்கள்: புகார் கொடுத்த பண்ணை மேலாளர் வில்லியம் ஹாப்ஸ், சாட்சி சொன்ன பண்ணையாள் ஜார்ஜ் ஆண்டர்சன். 11 பேர்மேல் வழக்கு நடந்தது. முதல் ஜூரி எல்லோரையும் விடுவித்தது. அரசு விடாமல் மறுபடி வழக்குப் போட, 7 பேர் அந்த டிசம்பரில் தூக்கிலிடப்பட்டார்கள். கும்பலின் தலைவன் ஜான் ஃபிளெமிங் மட்டும் பிடிபடவே இல்லை. சொந்த ஊர்ப்பக்கம் போய் மதிப்போடு வாழ்ந்து முடித்தான். ஹாப்ஸுக்கோ வேலை போயிற்று!

அப்புறம் நீண்ட மௌனம். 1960களில் உள்ளூர்க்காரர் ஒருவர் நினைவுச்சின்னம் வேண்டும் என்று கேட்டபோது ஊரே எதிர்த்தது. 2000 ஜூன் 10 அன்றுதான் கல் எழுந்தது. கொலையிலிருந்து தப்பியவர்களின் வழித்தோன்றல்களும் கொன்றவர்களின் வழித்தோன்றல்களும் சேர்ந்து நின்று திறந்துவைத்தார்கள். குன்றின்மேல் வளைந்து போகும் பாதை நெடுகத் தகடுகள், ஆங்கிலத்திலும் அந்த மக்களின் கமிலராய் மொழியிலும். யாரும் சீண்டாமலே, திட்டமிட்டுச் செய்த கொலை என்று அந்தக் கல் நேராகவே சொல்கிறது. ‘துயரச் சம்பவம்’ போன்ற பூசிமெழுகல் இல்லை.

அந்த நேர்மை சிலருக்கு உறுத்தியது. 2005 ஜனவரியில் யாரோ வந்து ‘கொலை’, ‘பெண்கள்’, ‘குழந்தைகள்’ என்ற சொற்களை உளியால் செதுக்கி எடுத்தார்கள். எந்த இடம் வலிக்கிறது என்று இதைவிடத் தெளிவாக யாராலும் காட்ட முடியாது. 2008இல் அந்த இடம் தேசியப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அந்தக் காலத்தில் கொலையாளிகளுக்காக வரிந்துகட்டி எழுதிய சிட்னிப் பத்திரிகை 2023இல் மன்னிப்புக் கேட்டது. 185 வருடம் கழித்து! சரி, கேட்டதே பெரிது.

‘பழசை ஏன் கிளறுகிறீர்கள்’ என்று கேட்பவர்களிடம் எனக்கு ஒரே கேள்விதான். முதல் குடியேறியின் பெயரைத் தகட்டில் பொறிப்பதும் பழசைக் கிளறுவதுதானே? அதற்கு மட்டும் ஏன் ரிப்பன் வெட்டுகிறோம்?

விக்டோரியாவின் கிப்ஸ்லாந்தில் ஆங்கஸ் மக்மில்லனுக்காக 1920களில் வரிசையாகக் கல்தூண்கள் எழுப்பினார்கள். வழி கண்டுபிடித்தவர் என்று புகழ்கின்றன. 1843இல் வாரிகல் க்ரீக்கில் அந்தப் பகுதியின் பழங்குடியினரான குர்னாய் மக்களைக் கொன்று குவித்த கும்பலை நடத்தியவர் அவர்தான் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். அவர் பெயரில் இருந்த நாடாளுமன்றத் தொகுதிக்கு 2018இல் வேறு பெயர் வைத்துவிட்டார்கள். கல்தூண்களை இடிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இடித்தால் அவற்றை யார் எழுப்பினார்கள், ஏன் எழுப்பினார்கள் என்பதும் சேர்ந்து மறைந்துவிடும். ஆனால் ஒவ்வொன்றின் பக்கத்திலும், குர்னாய் மக்கள் சொல்கிறபடி எழுதிய இன்னொரு கல் வேண்டும். அதே உயரத்தில், அதே அளவு எழுத்தில்.