காளங்கன்னு எங்கண்ணே?

அழகர்கோவில் ரோட்டுப் பக்கம் ஒரு பண்ணை. கண்ணாடி பாட்டில்ல பால், லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல. 'கன்று குடித்த மிச்சம்தான் உங்களுக்கு'ன்னு லேபிள். ஆறு மாசமா வாங்குறேன். பால் நல்லாத்தான் இருக்கு, அதுல குறை சொல்லல.

போன ஞாயித்துக்கிழமை புள்ளைங்களுக்கு மாடு காட்டலாம்னு கூட்டிட்டுப் போனேன். பன்னெண்டு கறவை. கட்டியிருந்த கன்னு அஞ்சும் கிடேரி. "காளங்கன்னு எங்கண்ணே?"ன்னு கேட்டேன். "அதெல்லாம் தெரிஞ்சவங்களுக்குக் கொடுத்துருவோம் சார்"னு சொல்லிட்டு, புள்ளைங்க கையில ஆளுக்கொரு வெல்லக்கட்டியை வச்சு மாட்டுக்கு ஊட்டச் சொன்னாரு.

மாடு கன்னு போட்டாத்தான் பால். ஈத்துல ஏறக்குறைய பாதி காளை. உழவுக்கு டிராக்டர் வந்துருச்சு, சினைக்கு ஊசி. ஜெர்சி கலப்புக் காளை வாடிவாசலுக்கும் ஆகாது. அப்ப அந்தத் தெரிஞ்சவங்க யாரு?

உசிலம்பட்டிப் பக்கம் எங்க பெரியப்பா இதை மறைச்சதே இல்ல. வத்துன மாட்டைச் சந்தைக்கு ஓட்டுவாரு. துண்டுக்குள்ள தரகர் விரலைப் பிடிச்சு விலை படிஞ்சதும், கயிறை மட்டும் அவுத்து வீட்டுக்குக் கொண்டாந்துருவாரு. அன்னைக்கு ராத்திரி பெரியம்மா சாப்பிடாது. மாடு கேரளா லாரியில ஏறும்னு ரெண்டு பேருக்கும் தெரியும். தமிழ்நாட்டு அறுப்புக்கூடங்கள்ல பசுவையும் கிடேரியையும் அறுக்கக்கூடாதுன்னு 1976லயே அரசாணை போட்டாச்சு. அதுனால மாடு பிழைச்சுச்சான்னா இல்ல, சாகுறதுக்கு முந்தி தூரமாப் போகுது, அவ்வளவுதான்.

2017 மே மாசம், சந்தையில அறுப்புக்கு மாடு விக்கக்கூடாதுன்னு மத்திய அரசு விதி கொண்டாந்துச்சு. அதுக்கு இடைக்காலத் தடை போட்டது நம்ம ஹைகோர்ட் மதுரைக் கிளைதான். "வத்துன மாட்டுக்குத் தீவனம் டெல்லியிலருந்து வருமாடா?"ன்னு பெரியப்பா அப்பக் கேட்டாரு.

குலசாமி கோயில்ல கிடா வெட்டுறப்ப மஞ்சத்தண்ணி தெளிச்சு, அது உடம்பைச் சிலுப்புற வரைக்கும் ஊரே நிக்கும். சிலுப்பலைன்னா இன்னொரு சொம்பு. ஆடு சம்மதிச்சிருச்சுன்னு நான் நம்பல, ஈரத்துக்குச் சிலுப்புது. ஆனா சின்னப் புள்ளை உட்பட அத்தனை பேரும் கண்ணால பார்த்துட்டுத்தான் இலையில உக்காருறோம். எங்க தெருக் கறிக்கடையில கூட, உரிச்ச கிடாயை விதையோடதான் தொங்கவிடுவாரு, பெட்டையை வெட்டிட்டுக் கிடான்னு சொல்லலைன்னு காட்டுறதுக்கு.

பண்ணைக்காரரை நான் கொலைகாரர்ங்கல. காபியும் ஜிகர்தண்டாவும் குடிக்கிற எனக்கு அந்த யோக்கியதை கெடையாது. காளங்கன்னையும் கிழட்டு மாட்டையும் வச்சுப் பராமரிக்க லிட்டருக்கு இன்னும் முப்பது ரூபா ஆகும்னா சொல்லுங்க, முடிஞ்சவங்க கொடுக்கட்டும். சந்தைக்குத்தான் போகுதுன்னா 'மிச்சம்தான் உங்களுக்கு'ங்கிறதுக்குக் கீழ அதையும் அச்சடிங்க. அதுக்கப்புறமும் நான் வாங்குவேன்னுதான் நெனைக்கிறேன். வீட்டுல என்ன சொல்லுவாங்கன்னு தெரியல. திரும்பி வர்றப்ப வண்டியில மக அதே கேள்வியைத்தான் கேட்டுட்டு வந்தா.