பில்லில் ஏறாத கணக்கு

டேட்டா அனலிடிக்ஸ் என்றாலே எல்லாரும் பெரிய கம்பெனிக் கதைதான் சொல்கிறார்கள். நான் சென்னையில் மீன்பிடித் துறைமுகம் இருக்கும் காசிமேட்டில் எங்கள் மளிகைக் கடைக் கதையைச் சொல்கிறேன்.

போன ஜனவரியில் கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் போட்டோம். கூடவே விற்பனைக் கணக்கை அலசித் திரையில் காட்டும் டேஷ்போர்டு, அதற்குத் தனியாக மாதக் கட்டணம். மே மாதக் கடைசியில் அது சிவப்பு எழுத்தில் கத்தியது: மீன் குழம்பு மசாலா விற்பனை படுத்துவிட்டது, கொள்முதலைக் குறையுங்கள். ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த ஓ.எம்.ஆரில் இதே மாதிரி வேலை பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். சரியாகத்தான் பட்டது. நைனாவிடம், அதாவது அப்பாவிடம், காட்டினேன். கல்லாவிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"தடைக்காலம்டா. போட்டே போவல, எவன் மீன் கொழம்பு வெப்பான்?"

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. நாட்டுப்படகு மீன் வரும். விலைதான் கைக்கு எட்டாது. எங்கள் தெருவில் மசாலா சரம் அப்படியே தொங்கும், கடன் நோட்டு மட்டும் தடிக்கும். ஜனவரியில் கண் திறந்த சாஃப்ட்வேருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? அது இன்னும் ஒரு ஜூனைக்கூடப் பார்த்ததில்லை.

அதற்காக நைனா கட்சியில் முழுசாகச் சேர்ந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மேல்தட்டில் தூசி படிந்து கிடந்த நூடுல்ஸில் எவ்வளவு பணம் முடங்கியிருக்கிறது என்று அந்த டேஷ்போர்டுதான் காட்டியது. ஆளுக்கும் மெஷினுக்கும் சேர்ந்தே தெரியாத ஒன்றும் உண்டு. கேட்டுவிட்டுக் கிடைக்காமல் போனவர்கள். அவர்களுக்கு யார் பில் போட்டார்கள்?

கல்லா பக்கத்தில் நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். "இல்லை" என்று சொல்லும்போதெல்லாம் என்ன கேட்டார்கள் என்று எழுத வேண்டும், அவ்வளவுதான். மூன்று வாரத்தில் நூறு மில்லி நல்லெண்ணெய் பாக்கெட் மட்டும் 23 முறை. நாங்கள் வைத்திருந்ததோ அரை லிட்டர். அன்றன்றைக்குக் கூலி வாங்கி அன்றன்றைக்குச் சமைக்கிற வீடுகள். அரை லிட்டருக்கு எங்கே போவார்கள்?

இத்துனூண்டு கணக்கை வைத்து என்ன முடிவுக்கு வர முடியும் என்று ஆபீஸ் நண்பர் சிரித்தார். டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த கோசெட்டுக்கும் இதே தலைவலிதான். கையில் இருப்பதோ சில மாதிரிகள், அதை வைத்தே முடிவெடுக்க வேண்டும். அதற்கு அவர் கண்டுபிடித்த வழியை 1908இல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்டார். அந்த நண்பர் தினமும் ஓட்டுகிற டி-டெஸ்ட் என்ற புள்ளியியல் சோதனை அதிலிருந்து வந்ததுதான்.

இப்போது நோட்டில் நைனாவின் கோழிக் கிறுக்கலும் இருக்கிறது. டேஷ்போர்டு கட்டணம் இந்த மாதத்தோடு முடிகிறது. கட்டலாமா என்று கேட்டேன்.

"இன்னொரு தடைக்காலம் பாக்கட்டும்டா, அப்புறம் சொல்றேன்" என்றார்.